இனி ‘செல்வராசா மனைவி’ என்று கூப்பிட மாட்டார்கள்

செல்வராசா, என்ரை ராசா,

நீ செத்துவிட்டாய் என்று போன வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மூன்று வருடமாக ‘வருவான், வருவான்’ என்று சொன்ன அதே வாயால்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மாரண்டஹள்ளித் தையல்காரர் காதர் பாய் எழுதுகிறார். உன் மனைவி தங்கம் அவர் கடையில்தான் பொத்தான் தைக்கிறாள்.

கடல் தாண்டி வந்த எங்களைப் பாலக்கோட்டுப் பக்கத்து முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். காலைக் குளிர் எலும்பைப் பிடிக்கிறது. கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்கக் கற்றுக்கொண்டேன், பார்த்தால் சிரிப்பாய். பழகாதது ஒன்றுதான். மாதம் ஒருமுறை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள்.

ஊரில், சந்தியில் வைத்து, தோளில் துவக்கோடு, துப்பாக்கியோடு வந்தவர்கள் தாளைப் பார்த்து உன் பெயரையும் கூப்பிட்டார்களே. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. இங்கே கூப்பிடும் அலுவலர் நல்ல மனிதர், கையில் பேனாதான். ஆனாலும் பதிவேட்டில் ‘செல்வராசா மனைவி தங்கம்’ என்று இருந்தது. முதலில் உன் பெயர்தான் காதில் விழும். அது விழுமுன் அவள் ஓடிவிடுவாள். கடைசி இரண்டு மாதமும் அந்த நாளில் காதர் பாய் கடையில் துணிக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தாள்.

“பெரியவரே, இந்த வாட்டியும் கொரல் வரலைன்னா பேர அடிச்சிருவாங்க. அப்புறம் முகாம்ல தங்க முடியாது. என் கையில ஒண்ணும் இல்லீங்க” என்றார் அலுவலர்.

அவளிடம் கெஞ்சினேன். “அவரின்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடேக்கை, நான் எப்பிடி மாமா ‘இருக்கிறன்’ எண்டு சொல்லுறது?” என்றாள்.

வெள்ளிக்கிழமை காதர் பாயே அவளைப் பஸ்ஸில் கூட்டிவந்தார். “கடையப் பூட்டிட்டேம்மா, ஒளிய எடமில்ல. வேணும்னா என் தாடிக்குள்ள ஒளிஞ்சுக்க” என்றார். அவள் சிரிக்கவில்லை. போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

வரிசை நகர்ந்தது. நாலு பெயர்தான் பாக்கி. அவளிடம் போய், ‘கூப்பிட்டால் வந்து நில்’ என்று சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ பின்கதவால் போகப் பார்த்தாய். நான்தான் கையைப் பிடித்தேன். “குற்றம் செய்யாதவனுக்கு என்ன பயம்? கூப்பிட்டால் போய் நில்லு” என்றேன். நீ போய் நின்றாய். அந்தச் சொல்லை இன்னொரு பிள்ளைக்கு நான் எந்த வாயால் சொல்ல?

வரிசையை விட்டு முன்னால் போனேன். “ஐயா, செல்வராசா இல்லை. செத்துப்போனான். அவளை என்ரை மகள் எண்டு எழுதுங்கோ.”

“போன மாசம் வரைக்கும் வருவான்னு சொன்னீங்களே?”

“பொய் சொன்னனான் ஐயா.”

“எழுதிட்டா அப்புறம் மாத்துறது கஷ்டமுங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

தொட்டிப் பக்கம் பார்த்தேன். அவள் முகம் தெரியவில்லை. “எழுதுங்கோ” என்றேன்.

அடித்து எழுதினார். எழுந்து நின்றார். “கந்தையா மகள் தங்கம்.” சத்தமில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் இல்லை. மூன்றாம் முறைக்கு வாயைத் திறந்தபோது, தொட்டிக்குப் பின்னாலிருந்து, சண்டைக்கு வருகிறவள் போல, “இருக்கிறன்!” என்றாள்.

பெயர் தப்பியது. ஆனால் அன்று முதல் என்னோடு பேச்சில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போகிறாள். “புருசன் செத்தது எண்டு தெரிஞ்சாப் பிறகும் என்ன பொட்டு?” என்று பக்கத்துக் குடிசைக்காரி கேட்டாள். மறுநாள் தங்கம் பொட்டை இன்னும் பெரிதாக வைத்தாள்.

ராசா, உன் உடம்பை நான் பார்க்கவில்லை. எங்கேயாவது ஒரு சிறையில் நீ உயிரோடு இருக்கிறாயா? அவளைக் காப்பாற்றுகிறேன் என்று உன்னை இரண்டாம் முறையும் நானே அனுப்பிவிட்டேனா? அப்படியென்றால் வந்து என் கன்னத்தில் அடி. வாங்கிக்கொள்கிறேன்.

அதுவரை ஒரு வாக்குத் தருகிறேன். அவள் பொட்டு வைப்பதும் விடுவதும் அவள் விருப்பம். அதைப் பற்றி வாய் திறக்கிறவர் யாராயிருந்தாலும் முதலில் என்னிடம் பதில் சொல்ல வேண்டும். என்னோடு அவள் பேசாவிட்டாலும் சரிதான்.

உனக்கும் தங்கத்துக்கும் தகப்பன்,
கந்தையா