வாசகத்தில் இல்லாத பவுண்டரி

புனே
3.8.1998

அன்பு மாமாவுக்கு,

சந்திரிகா எழுதுவது. நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. கோயம்புத்தூர் போனதும் இருமல் நின்றதா?

எம்.டி. அறையில் மூன்று நாளாக மிஷன், விஷன் எழுதுகிறார்கள். கம்பெனி எதற்காக இருக்கிறது, ஐந்து வருஷத்தில் என்னவாகும் என்று இரண்டே பத்தி. டைப் அடிப்பது நான். முதல் நகலில் "இரும்பை வார்ப்போம், கடைவோம்" என்று இருந்தது. இன்றைய நகலில் வார்ப்பைக் காணோம். மும்பை ஆலோசகர், "இதில் இல்லாத எதற்கும் இனி ஆள் கிடையாது, மெஷின் கிடையாது" என்றார். வார்ப்பு வேலை நடக்கிற உங்கள் பவுண்டரியை மூடப் போகிறார்கள் மாமா. வெளியே சொல்லமாட்டேன் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள்
சந்திரிகா

கோயம்புத்தூர்
10.8.1998

கண்ணு,

இருமல் தேவலை. சுவரில் மாட்டப்போகிற வாசகத்துக்கா இப்படி நடுங்குகிறாய்? மூடப்போகிற பவுண்டரிக்கு அச்சுப்பெட்டி செய்து வாங்கவா என்னை இங்கே அனுப்பினார்கள்? ரஞ்சன்காவ் ஆலையில் நாற்பது பேர் அந்த உலையை நம்பி இருக்கிறோம். வீணாகக் கிளப்பிவிடாதே. மேஸ்திரி பக்தவத்சலம் அண்ணனிடம்கூட வாய் திறக்காதே.

பாஸ்கர்

புனே
24.8.1998

அன்பு மாமாவுக்கு,

அச்சுப்பெட்டி ஆர்டரை ரத்து செய்யும் கடிதத்தை இன்று நான்தான் அடித்தேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே எம்.டி., "உன் வீட்டுக்காரர் பவுண்டரிதானே?" என்றார். சிரித்தபடிதான் கேட்டார். கம்பெனி பஸ்ஸில் பக்தவத்சலம் அண்ணன் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

உங்கள்
சந்திரிகா

கோயம்புத்தூர்
31.8.1998

கண்ணு,

ரத்துக் கடிதம் வந்தது. நீ சொன்னதை நம்பாமல் போனேன்.

இங்கே ஒரு பவுண்டரிக்காரர் பதினைந்தாம் தேதி சேரச் சொல்கிறார். சேர்ந்துவிடுகிறேன். அதுவரை மூச்சு விடாதே. தெரிந்தால் உன் வேலை போகும், என்னையும் சும்மா விடமாட்டார்கள். மற்றவர்கள் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்வார்கள்.

பாஸ்கர்

புனே
9.9.1998

அன்பு மாமாவுக்கு,

நேற்று மத்தியானம் கேன்டீனில் வாசகத்தைத் திறந்துவைத்து, எல்லாரையும் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். பவுண்டரி ஆட்களும் எழுந்து நின்று படித்தார்கள். பக்தவத்சலம் அண்ணன் குரல்தான் பெரிதாகக் கேட்டது. என்னால் தாங்கமுடியவில்லை. "ஸார், இதில் பவுண்டரி எங்கே?" என்று கேட்டுவிட்டேன்.

எம்.டி., "மார்ச்சோடு மூடுகிறோம்" என்றார். இன்றிலிருந்து எனக்கு வேலை இல்லை.

நேற்றுச் சாயங்காலமே அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். சாகண் ஊர்க் கம்பெனி ஒன்றிலிருந்து தேடி வந்த வேலையை, நம் கம்பெனியை நம்பி, போன வாரம்தான் வேண்டாமென்று சொன்னாராம்.

"உனக்கு எப்பலேர்ந்தும்மா தெரியும்?"

"ஒரு மாசமாண்ணா."

"பாஸ்கருக்கு?"

நான் காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். காபியைத் தொடாமலே போய்விட்டார்.

வேலையில் சேருவதற்கு முன் ஒருமுறை வாருங்கள். அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. நீங்கள் வராமல் இருந்துவிடுவீர்களோ என்பது அதைவிடப் பயம்.

சந்திரிகா