கரடிமேட்டூர் ஆஸ்பத்திரியின் பூட்டு

அனுப்புபவர்:
காளியாத்தாள்,
காலஞ்சென்ற அப்புசாமியின் மனைவி,
கரடிமேட்டூர், பொள்ளாச்சி தாலுகா.

பெறுபவர்:
ஜில்லா மேலதிகாரி அவர்கள் சமூகம்,
கோயமுத்தூர்.

பொருள்: மூடிய ஆஸ்பத்திரியைத் திறந்து, பிரசவம் பார்க்கும் நர்ஸை மீண்டும் அனுப்பக் கோருவது.

கனம் பொருந்திய ஐயா,

1. பருத்தி அரவை ஆலை ஓடியவரை எங்கள் ஊரில் முந்நூறு வீடுகள் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் ஆலை நின்றது. பலர் கோயமுத்தூர் மில்களுக்குப் போனார்கள். என் மருமகன் கந்தப்பனும் போனார். இன்று தொண்ணூறு வீடுகளில் அடுப்பு எரிகிறது.

2. சென்ற ஆவணியில், ஜனம் குறைந்துவிட்டதென்று ஆஸ்பத்திரியை மூடி, நர்ஸ் ராமாமணியம்மாளைப் பொள்ளாச்சிக்கு மாற்றினார்கள். புறப்படும்போது அந்த அம்மாள் என் மகள் ராசாத்தாளைப் பார்த்துவிட்டு, பிரசவத்துக்குப் பொள்ளாச்சிக்கே வந்துவிடச் சொன்னார். போகத்தான் இருந்தோம். வலி பதினைந்து நாள் முந்திக்கொண்டது.

3. ஐப்பசி 12, புதன்கிழமை காலையில் பெண் குழந்தை பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. என் தம்பி ஆறுச்சாமி ஆஸ்பத்திரிப் பூட்டை உடைக்கப் போனான். உடைத்தாலும் உள்ளே வைத்தியம் தெரிந்தவர் யாருமில்லை என்று நான்தான் தடுத்தேன். குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பழனியாத்தாளிடம் விட்டு, மகளை வண்டியில் ஏற்றினோம். பொள்ளாச்சி பதினோரு மைல். மழையில் பாதை முழுதும் சேறு. வழியில் அவள், "ஆத்தா, வண்டியத் திருப்பச் சொல்லுங்க. புள்ள பசியில அழுவுமுங்க" என்றாள். நான் திருப்பச் சொல்லவில்லை. ஏழாவது மைலில் அவள் உயிர் போயிற்று. திருப்பியிருந்தால் பிள்ளையை ஒருதரம் மடியில் வைத்துப் பார்த்திருப்பாள்.

4. இதைச் சொல்லப் பொள்ளாச்சித் தாலுகா கச்சேரிக்குப் போயிருந்தேன். இரண்டு வருஷத்தில் ஊரே காலியாகிவிடும், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று அங்கிருந்த குமாஸ்தா ஒருவர் கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இங்கே பதில் சொல்கிறேன். வியாழக்கிழமைதோறும் எங்கள் சந்தை கூடுகிறது. பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகள் படிக்கிறார்கள். மில்லுக்குப் போனவர்கள் விடுமுறைக்கு இங்கேதான் வருகிறார்கள். என் பேத்தி பழனியாத்தாளின் பால் குடித்து வளர்கிறாள். நாங்கள் காலி செய்யவில்லை, ஐயா.

5. என் மகள் திரும்பமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்காக இதைக் கேட்கவில்லை. ஊரில் இப்போது ஆறு பெண்கள் கர்ப்பமாயிருக்கிறார்கள். முதலாமவளுக்கு மார்கழியில் நாள். தாங்கள் தயைகூர்ந்து அதற்குள் நர்ஸம்மாளை அனுப்பிக் கதவைத் திறந்துவைக்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கரடிமேட்டூர்,
தாது வருஷம் கார்த்திகை 9
(24-11-1936)

காளியாத்தாள்
இடது பெருவிரல் ரேகை

சொல்லக் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டியவர்:
அப்துல் நாசர், பள்ளி உபாத்தியாயர்