கல்வீட்டுக்காரி

ஜூன் 9
ஏடிஎம்மில் அட்டையைச் செருகினேன். ஒன்றும் வரவில்லை. அரசு உதவித்தொகைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்களாம். நிபந்தனை எதையும் மீறவில்லை: மகள் ஆல்தியா ஒரு நாள்கூடப் பள்ளிக்குப் போகாமல் இருந்ததில்லை. நானும் மாதக் கூட்டத்தைத் தவறவிட்டதில்லை. பிறகு ஏன்? கணக்கெடுப்பில் எங்களுடையது கல்வீடு என்று பதிவாகியிருக்கிறதாம். கல்வீட்டில் இருப்பவர்கள் ஏழைகள் இல்லையாம்.

புயலில் எல்லாம் போன பிறகு தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த வீடு அது. அந்தச் சுவரையா திங்க முடியும்?

ஜூன் 10
படகு கவிழ்ந்து முதுகு போனதிலிருந்து என் கணவர் ரோடெல் கடலுக்குப் போவதில்லை. படுத்தபடியே, "விட்டுடு நெரிசா. நாம ஏழைன்னு ஊரைக் கூட்டி நிரூபிக்கணுமா?" என்றார்.

நிரூபிப்பேன். வெட்கப்பட வேண்டியது நானா?

ஜூன் 17
நகரத்துக்குப் போனேன். சமூகநல அலுவலர் பெலாயோ சின்னப் பெண்; பொறுமையாகக் கேட்டாள். கணக்கெடுப்பை வைத்துக் கணினி போட்ட வறுமை மதிப்பெண்ணை அவளால் மாற்ற முடியாதாம். ஊர்க்கூட்டத்தில் முறையிட வேண்டும்; அக்கம்பக்கத்தார் உண்மைதான் என்றால் வீட்டை மறுபடி வந்து பார்ப்பார்கள்.

அக்கம்பக்கம் என்றால் லுமினாடா அக்கா. குழாயடிச் சண்டைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஜூன் 24
நாளைக்குக் கூட்டம். போகத்தான் போகிறேன்.

ஜூன் 25
எழுந்து சொன்னேன். மீன் ஏலக்காரர் டெல்பின், "கல்வீட்டுக்காரிக்கு இன்னும் என்ன வேணுமாம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காது சுட்டது — ஆனால் உட்காரவில்லை.

பின்வரிசையில் லுமினாடா அக்கா எழுந்தாள்.

"எனக்கும் இவளுக்கும் ஆகாது, ஊருக்கே தெரியும். ஆனா எத்தனை நாள் இவ வீட்டுல அடுப்பு எரியலைன்னு பக்கத்து வீட்டுல இருக்கிற எனக்குத்தான் தெரியும். சிரிக்கிறவங்க வந்து பாருங்க."

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 14
பெலாயோ வந்தாள். சுவரோடு நிற்காமல் உள்ளே வந்து பார்த்தாள். அரிசிப் பானையையும் திறந்து காட்டினேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்த ரோடெல், என்ன நினைத்தாரோ, தானே எழுந்து உட்கார்ந்து படகு கவிழ்ந்த கதையைச் சொன்னார். என்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அக்டோபர் 3
பட்டியலில் பெயர் மறுபடி வந்துவிட்டது.

மலையடிவாரத்திலிருந்து மூன்று பெண்கள் தேடி வந்தார்கள். அவர்களுக்கும் அதே தொண்டு வீடு, அதே பதில். யாரிடம் போவது, என்ன பேசுவது என்று கேட்டார்கள். நாளைக்கு நானே பெலாயோவிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

லுமினாடா அக்கா வேலிக்கு மேலாக, "சாயங்காலம் பொண்ணு எங்க வீட்டுல சாப்பிடட்டும். நீ நிதானமா வா" என்றாள்.