அரை மணித்தியாலப் பிரச்சினை

பெப்ரவரி 9, திங்கள்

காலையில் மூடுபனி. அக்கரை தெரியவில்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் எஞ்சின் மிதவையில் வாவியைக் கடக்க இருபது நிமிடம். இரண்டு மோட்டார் சைக்கிள், நெல் மூட்டையோடு ஒரு முச்சக்கரவண்டி, மற்றதெல்லாம் ஆசிரியர்கள்.

சுற்றுநிருபம் வந்துவிட்டது. கல்வி மறுசீரமைப்பு இனி எங்கள் பாடசாலைக்கும். ஆறாம் தரத்துக்கு மொடியூல் என்ற செயற்பாட்டு அலகுகள். தவணைப் பரீட்சை இல்லை. வரும் திங்களிலிருந்து ஒன்றரைக்கு அல்ல, இரண்டு மணிக்குத்தான் மணி அடிக்கும். நான் பதில் அதிபர். அதாவது, எல்லாரும் திட்டுவதற்கு ஒரு ஆள்.

அரை மணித்தியாலம்தானே என்று மேலே நினைத்திருப்பார்கள். வீட்டுக்குத் திரும்பும் பாதை 1.45க்கு. விட்டால் மூன்று மணிக்குத்தான். இடையில் பாதைக்காரர் தவராசா அண்ணனுக்குச் சாப்பாட்டு நேரம்.

கணித ஆசிரியை சப்ரினா டீச்சர் இடமாற்றப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். "மூன்றரைக்கு மகள நேசரியில எடுக்கணும் சேர். மூணு மணிப் பாதையில ஏறினா காத்தான்குடிக்குப் போக நாலு மணி ஆகும். புள்ள கேட்டடியில அழுதிட்டு நிக்கும்."

என் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் படிவம் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அவர் வருவதற்கு முன் ஒரு வருடம் ஓ.எல். பரீட்சை வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தது தமிழ் வாத்தியாராகிய நான். பெறுபேற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

படிவம் சட்டைப்பையில். கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

தூறல். குடை பாடசாலையில்.

பாதையில் போகவர ஒரே வாக்குவாதம். விஞ்ஞானம் படிப்பிக்கும் குகன் மறுசீரமைப்பின் ஆள். "இப்ப புள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிக்குதுகள் சேர். இனியாவது யோசிக்கட்டும்." பரீட்சை இல்லாவிட்டால் யார் புத்தகத்தைத் திறப்பான் என்று நான். "யோசிக்கட்டும், கணக்கையும் செய்யட்டும், எங்கள நேரத்துக்கு வீட்ட விடட்டும்" என்று சப்ரினா டீச்சர்.

பத்தாம் தரத்தில் தொழிற்பாடம் வருவது பற்றியும் பேச்சு. மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒருவர் இடையில் புகுந்தார். "என்ட மகன் வெல்டிங் படிச்சா எனக்குச் சந்தோசம். கலியாணம் பேசக்குள்ள என்ன படிச்ச எண்டு கேப்பாங்களே, அதுக்கு உங்கட சுற்றுநிருபத்தில என்ன இரிக்கி?" பாதை முழுக்கச் சிரிப்பு. எஞ்சினடியில் தவராசா அண்ணனும் சிரித்தார்.

பாடசாலை நேரத்தையோ பாதை நேரத்தையோ மாற்றக் கேட்டு மனு எழுதினேன். அனுப்ப வேண்டியவர்கள்:
வலயம்
மாகாணம்
கொழும்பு, அமைச்சு
பிரதேச சபை
கோயில் நிருவாக சபை (அவர்களால் என்ன முடியுமோ தெரியாது, இருந்தாலும்)

மலர் தேநீர் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "புதுச் சட்டம் புடிக்கல்லயா, இல்லாட்டி மனு எழுத ஒரு சாட்டுக் கிடைச்சிட்டுதா?" முப்பது வருடம் குடும்பம் நடத்தியவளிடம் எதை மறைப்பது.

பெப்ரவரி 11, புதன்

குடை கிடைத்தது. கம்பி ஒன்று போயிற்று.

ஆறாம் தரத்தில் முதல் மொடியூல் செயற்பாடு. உங்கள் இடத்தில் உள்ள ஒரு பிரச்சினையைத் தெரிவு செய்க, சம்பந்தப்பட்ட எல்லாரையும் சந்தித்துக் கேட்க, தீர்வு சொல்க. இது பாடமா, ஊர் வம்பளக்கும் விடுப்பா? வகுப்பில் சந்தை இரைச்சல். பிரம்பைத் தேடிய கையை மடக்கிக்கொண்டேன்.

தர்ஷிகாவின் குழு எடுத்தது பாதை நேரம். என்னையும் பேட்டி கண்டார்கள்.

"நேரத்த மாத்தச் சொல்லி ஆரிட்டயெல்லாம் கேட்டீங்க சேர்?"

கொழும்பு வரைக்கும் பெருமையாக ஒப்புவித்தேன். எழுதிக்கொண்டாள்.

"வேற ஒருத்தரிட்டயும் கேக்கல்லயா?"

இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது பாதையில் நினைவூட்டல் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். சப்ரினா டீச்சர் படிவத்தைப் பற்றிக் கேட்டார். நாளைக்கு என்றேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன். அவர் போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.

இறால் வாங்கினேன். மலர் முகம் மலர்ந்தது.

பெப்ரவரி 12, வியாழன்

நல்ல வெயில். வயல் வட்டையில் அறுவடை இயந்திரச் சத்தம் வகுப்பு வரைக்கும்.

பிள்ளைகள் பிரிஸ்டல் போட் அட்டையில் எழுதி ஒட்டினார்கள். தர்ஷிகா வாசித்தாள். ஆசிரியர்கள் சொன்னது, பெற்றோர் சொன்னது. பிறகு, "பாதைக்காரர் தவராசா மாமா சொன்னது. ஒண்டேமுக்காலுக்குப் போற ஆக்கள் ஆசிரியர்கள்தான். அதுக்குப் பிறகு ஆக்கள் இல்லாததால சாப்பிடப் போறன். அவங்க ரெண்டேகாலுக்கு வாறதெண்டா நான் முன்னுக்கே சாப்பிட்டிட்டு ரெண்டேகாலுக்கு எடுப்பன். என்னிட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

வாசலில் நின்ற சப்ரினா டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குகன் என்னைப் பார்க்கவேயில்லை. நல்ல பொடியன்.

கொழும்புக்கு எழுதியவன், நாலு முழம் தள்ளி எஞ்சினடியில் நின்ற மனிதரிடம் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பும்போது நேரே எஞ்சினடிக்குப் போனேன்.

"அண்ணன், இதை எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க எழுதிட்டு இருந்தீங்க சேர். எழுதுற ஆக்களக் குழப்பப்படாது எண்டு பேசாம இருந்தன்."

"அப்ப திங்கக்கிழமை ரெண்டேகாலுக்கு?"

"ரெண்டேகாலுக்குத்தான். பிந்தினா நிக்க மாட்டன்."

மலரிடம் சொன்னேன். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தாள். இனி ஊருக்கெல்லாம் சொல்வாள்.

பெப்ரவரி 13, வெள்ளி

செருப்பு வார் அறுந்தது. ஊசி குத்திச் சமாளிப்பு.

தர்ஷிகாவின் மதிப்பீட்டுத் தாள். புள்ளி போடக் கூடாது, குறிப்பு மட்டும். 'நன்று' என்று எழுதி வெட்டினேன். 'அதிபர் கேட்க மறந்தவரிடம் கேட்டாள்' என்று எழுதினேன். பரீட்சை வேண்டும் என்பதில் இப்போதும் மாற்றமில்லை. குகனிடம் இந்தத் தாளைக் காட்டப்போவதுமில்லை.

பத்து மணிக்குச் சப்ரினா டீச்சர் வந்து படிவத்தைக் கேட்டார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்த தடம், ஒரு மூலையில் தேநீர்க் கறை.

மேசையில் வைத்து மறுபக்கம் திருப்பினார். தடித்த பேனையால் பெரிய எழுத்தில் எழுதினார். பாதை நேரம், திங்கள் முதல், 2.15.

"எஞ்சினடியில ஒட்டப்போறன். இப்பயாவது கையெழுத்துப் போடுவீங்களா சேர்?"

போட்டேன். பதவி முத்திரையும் குத்தினேன்.