செல்வராசு கேட்ட கம்பி

24-3-1996, ஞாயிறு

சோறு இறங்கவில்லை.

வருடந்தோறும் மலையேறும் எங்கள் குழு இன்று காலை தொண்டாமுத்தூரில் கூடியது. மலைப்பாதையில் உள்ள வழுக்குப்பாறையில் பிடித்து ஏற இரும்புக் கம்பி போடலாமா என்பதுதான் பேச்சு. நான் கூடாது என்றேன். இன்றைக்குக் கம்பி, நாளைக்குப் படி, அப்புறம் கடை. அதற்குப் பிறகு அது மலையே இல்லை என்றேன்.

"நடக்க முடியாதவங்க என்னுங்க பண்ணுவாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

பக்கத்தில் இருந்த என் மச்சினன் செல்வராசின் தோளில் கை போட்டேன். போலியோவில் ஒரு கால் சூம்பியவன். "இவனை வருசா வருசம் நான் முதுகுல தூக்கிட்டுப் போறேனுங்க. மனசு இருந்தாப் போதும்," என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

செல்வராசு மெல்ல என் கையை எடுத்துவிட்டான்.

"கம்பி கேட்டதே நானுங்க மச்சான். பிடிக்க ஒண்ணு இருந்தா உக்காந்து உக்காந்தாவது நானே ஏறிப்போடுவேன். உங்க முதுகுல போறப்ப மலையவா பாத்தேன்? உங்க பொடனியத்தானுங்க பாத்தேன்."

கோபமே இல்லாமல் சொன்னான். திரும்பும்போது ஸ்கூட்டரில் என் பின்னால்தான் உட்கார்ந்து வந்தான். வழி முழுக்க எனக்குப் பிடரி கூசியது.

கம்பி போட்டால் மலை கெடும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அடிவாரத்தில் எல்லாருக்கும் ஊன்றி ஏற மூங்கில் தடி வாங்குகிறவன் நான். தலையை எண்ணித்தான் வாங்குவேன். அவனை ஒரு வருடமும் எண்ணியதில்லை.