உன் பேரில் போன சிப்பி

என் கல்பனா அண்ணிக்கு,

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவளை அண்ணி என்று கூப்பிட எனக்கு முதலில் வாய் வரவில்லை. பழகின பிறகு வேறு எப்படியும் கூப்பிடத் தோன்றவில்லை. நீ புரட்டாசியில் போய்ச் சேர்ந்தாய். அதற்கப்புறம் நடந்த ஒன்றை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன், உனக்கு மட்டும் சொல்லவில்லை. உன் புருஷனைப் பற்றியது என்பதால் தள்ளிப்போட்டேன்.

கொட்டிவாக்கத்தில் இருந்துகொண்டு, ஈ.சி.ஆர். ரோட்டில் தெற்கே இருக்கும் உப்பங்கழியில் மூங்கில் மிதவை கட்டி, அதிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டுப் பச்சைச் சிப்பி வளர்க்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது குப்பமே சிரித்தது. தானா விளையுறதை எவளாவது வளர்ப்பாளா என்றார்கள். நீ வளர்த்துக் காட்டினாய். அடையாறு, தி.நகர் ஓட்டல்களில் ‘கல்பனா சிப்பி’ என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

இரண்டு விஷயத்தில் நீ யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாய். எடுத்த சிப்பி ஒரு பகலும் ஓர் இரவும் தொட்டியில், சுத்தமான கடல் தண்ணீரில் கிடந்து, உள்ளே இருக்கும் அழுக்கைக் கக்கிய பிறகுதான் வெளியே போகும். ஐப்பசி மழை இறங்கும் முன்னால் கடைசிக் கயிறு வரை தூக்கிவிட வேண்டும், மழைத்தண்ணீர் உப்பைக் குறைத்தால் சிப்பி சாகும். அதற்கப்புறம் தை பிறக்கும்வரை எவன் கேட்டாலும் ‘இல்லை’தான்.

நீ போன பிறகு மிதவையும் தொட்டியும் அண்ணன் பொறுப்பு, ஓட்டல்கள் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். மழை வந்தது. “சிப்பி எப்படிண்ணே கீது?” என்று கேட்டேன். “எல்லாம் தாராளமா கீது, இந்த வாட்டி தண்ணி ஒன்னும் பண்ணல” என்றான். பெட்டிகளும் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. நான் சந்தோஷப்பட்டேன். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

கார்த்திகையில் அடையாறு ஓட்டலிலிருந்து போன். சிப்பி சாப்பிட்ட ஒரு பெரியவருக்கும் அவர் மகளுக்கும் வாந்தி பேதி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஓடினேன். மிச்சமிருந்த சிப்பியைச் சமையல் மாஸ்டர் என் முன்னால் கொட்டினார். நம் கயிற்றுச் சிப்பியின் ஓடு கண்ணாடி மாதிரி இருக்கும். இதில் பாதி, கத்தியால் சுரண்டினது போலக் கீறல் விழுந்து கிடந்தது. இரண்டொன்றில், கல்லில் ஒட்டும் வெள்ளைப் பொருக்கு அப்படியே இருந்தது.

“இது எங்க சிப்பி இல்ல” என்றேன்.

“உங்க பெட்டியிலேர்ந்து எடுத்ததுதான் மேடம்” என்றார் மாஸ்டர், என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. மாஸ்டரே எங்கேயோ மலிவாக வாங்கிக் கலந்துவிட்டு நம் தலையில் கட்டுகிறாரா? இல்லை, லோடு ஆட்டோ ஓட்டும் பாபு வழியில் மாற்றுகிறானா? பாபு புதுச் செருப்பு போட்டிருந்தால்கூட அது ஏது என்று யோசித்தேன். கேட்டே விட்டேன்.

“இன்னாக்கா, என் மேலயே டவுட்டா? பொட்டிய நான் தொறந்ததே கெடையாது. வோணும்னா நீயே கூட வந்து குந்திக்கோ.”

குந்திக்கொண்டேன். அடுத்த பெட்டி தி.நகருக்கு. அண்ணன் கட்டி அனுப்பியபடியே வாங்கி, நானே பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நான் பார்க்காமல் அடுப்பில் ஏற்றக் கூடாது என்று அந்த ஓட்டலுக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவர்கள் சமையல்கட்டில் வைத்துத்தான் பூட்டைத் திறந்தேன். மேலாக இருந்ததெல்லாம் பளபளப்பு. கையை விட்டு அடியிலிருந்து அள்ளினால் அதே கீறல், அதே பொருக்கு.

வழியில் யாரும் தொடவில்லை அண்ணி. அப்படியானால் வீட்டுக்கு வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. எனக்கு முன்னால் அந்தப் பெட்டியைத் தொட்டவன் ஒருவன்தான். பாபு என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடியைத் திரும்பப் போட்டான். பெட்டியைத் திருப்பி எடுத்து வந்தோம்.

மறுநாள் விடிகாலையில் தொட்டிக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். அண்ணன் வண்டியில் வந்தான், தெற்கே உப்பங்கழிப் பக்கமிருந்து அல்ல, வடக்கே பட்டணப் பக்கமிருந்து. பின்னால் ஈரச் சாக்கு. கையெல்லாம் கீறல்.

“மூட்டைல இன்னாண்ணே?”

“வலை.”

“பிரி.”

“காலங்காத்தால நீ இன்னாத்துக்கு இங்க வந்த?”

“பிரின்னு சொன்னேன்.”

அவன் பிரிக்கவில்லை. நான் பிரித்தேன். அடையாற்று முகத்துவாரத்தில், சாக்கடை வந்து கலக்கும் இடத்தில், பாலத்தூண்களில் ஒட்டிக் கிடக்கும் சிப்பி.

“கயிறு மொத்தமும் வாயப் பொளந்துகினு செத்துக் கெடக்குது செல்வி. கரையோரம் ஏதோ கொஞ்சந்தான் பொழச்சுது. அவ இருந்தா மழைக்கு முன்னாடியே தூக்கியிருப்பா. நான் படுத்துகினே இருந்துட்டேன்” என்றான். “ஓட்டல்காரன் எல்லாம் அவ பேரச் சொல்லித்தான் கேக்குறான். இல்லைன்னு சொன்னா அந்தப் பேரும் போயிடும்னு...”

“தொட்டியிலயாவது போட்டியா?”

“நேரா பொட்டிலதான் கட்டினேன்” என்றான்.

“அவ பேர்ல சாக்கடைச் சிப்பிய வித்தா மட்டும் நிக்குமா?” என்று கத்தினேன். அவன் அழுதான். நீ செத்தபோது அழாதவன். எனக்கு அந்த அழுகையையும் நம்பலாமா என்று இருந்தது. உன்னிடமும் இப்படிப் பொய் சொல்லியிருக்கிறானா? சொல்லியிருந்தால் நீ எப்படிக் கண்டுபிடித்தாய்?

எல்லா ஓட்டலுக்கும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அடையாறு ஓட்டலில் இனிமேல் வேண்டாம் என்றார்கள். தி.நகரில், தண்ணீரையும் சிப்பியையும் சோதனை பண்ணிக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

அண்ணனை இழுத்துக்கொண்டு அசோக் நகரில் அந்தப் பெரியவர் வீட்டுக்கும் போனேன். தேறி வந்திருந்தார். கதவைப் பாதி திறந்து, “யார் அனுப்பினது? ஓட்டல்காரங்களா? ஏதாவது கையெழுத்து வாங்க வந்தீங்களா?” என்றார்.

“நான்தாங்க அந்தச் சிப்பிய எடுத்தது” என்றான் அண்ணன்.

அவர் கதவை முழுசாகத் திறந்தார். பிறகு உள்ளே கூப்பிட்டார். மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “நம்பிக் குடிங்க, காய்ச்சின தண்ணிதான்” என்றார் பெரியவர். அண்ணனால் குடிக்க முடியவில்லை. நான் இரண்டு டம்ளரையும் குடித்தேன்.

இப்போது தை பிறந்து, புதுக் குஞ்சுச் சிப்பியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். மிதவை அவனிடம், தொட்டிச் சாவி என்னிடம். கரைக்கு வரும் ஒவ்வொரு சாக்கையும் கொட்டிப் பார்க்கிறேன். அவன் கோபப்படுவதில்லை. நான் கேட்கும் முன்பே அவிழ்த்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறான். இது திருந்தினதா, என்னைச் சமாளிக்கிற வித்தையா? எனக்கு இன்னும் தெரியவில்லை. மதியம் அவனுக்குச் சோறு எடுத்துப் போகிறேன். போகும் வழியிலேயே, இன்றைக்கு எங்கே போய்விட்டு வந்திருப்பான் என்றும் நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன் அண்ணி. என் கண்ணால் பார்க்காத ஒரு சிப்பி இனிமேல் உன் பேரில் போகாது. உன் புருஷனை நான் முழுசாக நம்பமாட்டேன். ஆனால் பட்டினி போடவும் மாட்டேன்.

உன் நாத்தனார்,
செல்வி