எண்ணெய் தின்னும் மண்

29.10.1961, அக்கராயன்

மழை விடவில்லை. ஐயாத்துரையின் அரிசி ஆலைக்குப் பின்னால், எஞ்சின் கழிவெண்ணெய் ஊற்றும் கிடங்கின் கரை உடைந்து பக்கத்து வயலில் கறுப்பாகப் பரவிவிட்டது. அன்னபாக்கியத்தின் வயல். புருஷன் போன வருடம் பாம்பு கடித்துச் செத்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்த இந்தக் குடியேற்றக் காணி மட்டும்தான்.

"விவசாயப் போதனாசிரியர் எண்டு வந்திருக்கிறியள், ஒரு வழி சொல்லுங்கோ தம்பி" என்றார் அன்னபாக்கியம்.

3.11

முளைத்த பயிர் முழுக்கச் செத்துவிட்டது. ஐயாத்துரை கதிரையை விட்டு எழும்பவேயில்லை. "மழைக்கு நான் பொறுப்பே?"

7.11

பயிற்சிக் காலத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. மண்ணில் இயல்பாகவே இருக்கும் பக்டீரியாக்களில் சில எண்ணெயைத் தின்னும். காற்றும் எருவும் கிடைத்தால் பெருகும். இரண்டு போத்தல்களில் தண்ணீரும் எண்ணெயும் விட்டேன். ஒன்றில் அன்னபாக்கியத்தின் வயல் மண், மற்றதில் அதே மண்ணைப் பக்டீரியா சாக நன்றாக அவித்து.

2.12

அவித்த மண் போட்டதில் எண்ணெய் அப்படியே மிதக்கிறது. மற்றதில் படலம் உடைந்து தண்ணீர் கலங்கியிருக்கிறது! போத்தல்களோடு அன்னபாக்கியத்திடம் சைக்கிளில் ஓடினேன். "இந்தப் போகம் விதைக்க வேண்டாம். தண்ணியை வடிச்சு, எருப் போட்டு, கிழமைக்கு ஒருக்கால் கொத்திப் புரட்டுங்கோ."

"விதைக்காட்டிக் காணியைப் பறிச்சுப்போடுவாங்கள் தம்பி."

"நான் பொறுப்பு" என்றேன்.

14.1.1962

பொங்கலன்றும் வயலில் நிற்கிறார். மாடு இல்லை, மண்வெட்டிதான். உள்ளங்கை இரண்டும் பிய்ந்திருக்கின்றன. ஆலையில் சிரிக்கிறார்கள்: "கிருமிக்குச் சாப்பாடு போடுறா."

20.2

காணி அதிகாரி வந்தார். விதைக்காத காணியின் அனுமதிப் பத்திரம் ரத்தாகுமாம். அன்னபாக்கியம் என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிதான் விதைக்க வேண்டாமெண்டவர்."

"அப்பிடிச் சொன்னீரோ?"

திணைக்களம் ஏற்காத முறை. என் வேலையும் இன்னும் நிரந்தரமில்லை.

"இல்லை, சேர்."

அன்னபாக்கியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

21.2

ஏன் அப்பிடிச் சொன்னனான்? பயத்திலை வாய் தவறிச்சுதோ? இல்லை. யோசிச்சுத்தான் சொன்னனான்.

11.5

மண்ணில் எண்ணெய் மணம் இல்லை. அதை டின்னில் அள்ளிவந்து, அதற்குள் போட்ட நெல் நாலாம் நாளே முளைத்துவிட்டது. பத்திரம் ரத்தாகி, காணி ஐயாத்துரையின் மருமகன் பெயருக்கு மாறிவிட்டதாக இன்று காணிக் கந்தோரில் சொன்னார்கள்.

9.12

திணைக்களத்துப் பெரியவர்கள் மூன்று பேர் வயல் பார்க்க வந்தார்கள். நெல் முழங்காலளவு, நல்ல பச்சை. ஐயாத்துரை இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் பக்டீரியாவைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினேன். நல்ல அறிக்கை போகுமாம், வேலையும் நிரந்தரமாகுமாம்.

வரம்போரம் களை பிடுங்கிக்கொண்டிருந்தவரிடம் ஒரு பெரியவர் குனிந்து கேட்டார். "இந்த வயலிலை எண்ணெய் கிடந்ததாமே, தெரியுமோ அம்மா?"

அன்னபாக்கியம் நிமிரவில்லை. "எனக்கென்ன தெரியும் ஐயா. நான் கூலிக்கு வந்தனான்."

நான் தொடர்ந்து விளக்கினேன்.